வீட்டு நாஸ் பெட்டியில் ஆளுக்கொரு கணக்கு, ஃபோல்டருக்கொரு குழு

நாஸ் பெட்டி என்பது வீட்டு வலையமைப்பில் இணைத்து எல்லாரும் கோப்பு வைக்கும் சேமிப்புப் பெட்டி. அதை வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்ட். அதுவே எல்லாருடைய ஃபோனிலும் லாப்டாப்பிலும் ரிவியிலும் ஏறிவிடும். கலியாண வீட்டு அல்பம், காணி உறுதிகளின் ஸ்கான், மகளின் ஏ.எல். ரியூசன் நோட்ஸ், கடைக் கணக்கு எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் கிடக்கும். வீட்டுக்குள் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். மறைப்பதற்காக அல்ல, அழியாமல் இருப்பதற்காகத்தான் இந்த வேலையெல்லாம்.

விண்டோஸில் வலையமைப்பு ட்ரைவ் ஒன்றிலிருந்து கோப்பை அழித்தால் அது அந்தக் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. நேரே போய்விடும். ஒரு லாப்டாப்பில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) புகுந்தால், அந்த லாப்டாப்பில் ஏறியிருக்கும் கணக்கு எங்கெல்லாம் எழுதலாமோ அங்கெல்லாம் அதுவும் எழுதும். ஆகவே ஒவ்வொரு ஃபோல்டருக்கும் முதலில் கேட்க வேண்டியது: இதை யார் அழிக்கலாம்? யார் பார்க்கலாம் என்பது இரண்டாவது.

முதலில் கடதாசியில்

பெட்டியைத் திறக்க முன்னம் ஒரு தாளில் இடப்பக்கம் ஃபோல்டர்களையும் மேலே ஆக்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: எழுதலாம், வாசிக்க மட்டும், ஒன்றுமில்லை. ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு இப்படி வரும்:

படங்கள்: எல்லாரும் வாசிக்கலாம், ஒருவர் அல்லது இருவர் மட்டும் எழுதலாம்.
ஆவணம் (உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் பத்திரங்கள்): பெரியவர்கள் மட்டும். அவர்களிலும் ஒருவர் எழுதினால் காணும்.
கடை: கடையைப் பார்ப்பவர்களும் கணக்கு எழுதுபவரும்.
பொது: எல்லாரும் எழுதலாம், எல்லாரும் அழிக்கலாம். வைத்தவை போனால் கவலைப்படக் கூடாத இடம்.
ஸ்கான்: பிரிண்டர் கொண்டுவந்து போடும் இடம்.
பக்கப்: அன்றாடக் கணக்கு எதற்கும் எழுதும் அனுமதி கிடையாது.

இவை ஒவ்வொன்றையும் தனித்தனி ஷெயார்ட் ஃபோல்டராக (வலையமைப்பில் தனியே பகிரும் ஃபோல்டர், சுருக்கமாக ஷெயார்) வையுங்கள். ஒரே பெரிய ஃபோல்டரை உருவாக்கி, உள்ளே ஏழாவது படியில் இருக்கும் ஒரு துணை ஃபோல்டருக்கு மட்டும் விதிவிலக்கு வைக்கும் முறை வேலை செய்யும்தான். ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு யாருக்கு எது தெரிகிறது என்று வைத்தவருக்கே விளங்காது. விதிவிலக்கு தேவைப்படுகிறது என்றால் அது தனி ஷெயார் ஆக வேண்டிய ஃபோல்டர்.

பெயர் வைக்கும்போது ஒன்று. ஷெயாரின் பெயரையும் பயனர் பெயரையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல், சுருக்கமாகக் கொடுங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் ஃபோல்டர்களுக்கும் யூனிகோட் தமிழ் தாராளமாகப் பாவிக்கலாம். சில ரிவிகள் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும், அவ்வளவுதான். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புப் பெயர்கள் எங்கே போனாலும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். அது அனுமதிப் பிரச்சினை அல்ல.

குழுவுக்கு அனுமதி, ஆளுக்கு அல்ல

இனி சினோலஜி நாஸ் பெட்டிகளின் இயங்குதளமான டிஎஸ்எம் 7 ஐ வைத்துச் சொல்வோம். கியூநாப், ட்ரூநாஸ் பெட்டிகளில் மெனுக்களின் பெயர் மாறும், ஒழுங்கு மாறாது.

கன்ட்ரோல் பனலில் யூசர் அண்ட் குரூப் பகுதிக்குப் போய் முதலில் குழுக்களை உருவாக்குங்கள்: குடும்பம், பெரியவர்கள், கடை, படம் ஏற்றுபவர்கள். பிறகு ஷெயார்ட் ஃபோல்டர் பகுதியில் தாளில் எழுதியவற்றை ஒவ்வொன்றாக உருவாக்குங்கள். உருவாக்கும்போதே மூன்று பெட்டிகளில் சரியிடுங்கள்: அனுமதி இல்லாதவர்களுக்குத் துணை ஃபோல்டர்களை மறைப்பது, ரீசைக்கிள் பின்னை இயக்குவது, அந்த ரீசைக்கிள் பின்னை நிர்வாகிகளுக்கு மட்டும் திறப்பது. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால், அழித்தவரே பின்னுக்குள்ளும் போய் அழித்துவிடலாம். ரீசைக்கிள் பின் தானாகக் காலியாகாது. டாஸ்க் ஷெடியூலரில் 30 நாளுக்கு மேற்பட்டவற்றை அகற்றும் வேலையொன்றைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் ஏன் நிறைகிறது என்று தேடித் திரிய வேண்டிவரும்.

அனுமதியைக் குழுக்களுக்கு மட்டும் கொடுங்கள். பிறகு ஆளாளுக்குக் கணக்குத் திறந்து குழுவில் சேருங்கள். கணக்குத் திறக்கும் அதே ஓட்டத்தில் ஆளுக்குத் தனியாக அனுமதி கொடுக்கும் பக்கமும் வரும். அதை ஒன்றும் தொடாமல் தாண்டிப் போங்கள். அடுத்த வருடம் மருமகன் வந்தால் அவரை ஒரு குழுவில் சேர்த்தால் வேலை முடிந்தது.

ஒருவர் இரண்டு குழுவில் இருந்து, இரண்டும் வேறு வேறு சொன்னால் எது வெல்லும்? சினோலஜியில் ஒழுங்கு இது: அனுமதி மறுப்பு முதலில், அடுத்து எழுதும் அனுமதி, கடைசியில் வாசிக்கும் அனுமதி. வாசிக்க மட்டும் என்று ஒரு குழுவும் எழுதலாம் என்று இன்னொரு குழுவும் சொன்னால் எழுதலாம். எங்காவது ஓரிடத்தில் மறுப்பு இருந்தால் மற்றதெல்லாம் செல்லாது.

இதில் விழுகிற குழி ஒன்று உண்டு. பெட்டியோடு வரும் யூசர்ஸ் என்ற குழுவில் எல்லாக் கணக்குகளும் தானாகவே இருக்கும், உங்கள் நிர்வாகிக் கணக்கும் சேர்த்து. ஆவணம் ஃபோல்டரை மற்றவர்களுக்குப் பூட்டுகிறேன் என்று யூசர்ஸ் குழுவுக்கு மறுப்புக் கொடுத்தால் நீங்களும் வெளியே நிற்பீர்கள். கட்டத்தில் ஒன்றும் தெரிவு செய்யாமல் விட்டாலே அனுமதி இல்லை என்றுதான் பொருள். மறுப்பு என்ற பெட்டியை வீட்டில் பாவிக்க வேண்டிய தேவை அரிதாகவே வரும்.

நிர்வாகிக் கணக்கைத் தனியாக வையுங்கள். பெட்டியைப் பார்ப்பவருக்கும் இரண்டு கணக்கு: அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு, அமைப்பு மாற்ற மட்டும் நிர்வாகிக் கணக்கு. நிர்வாகிப் பாஸ்வேர்டை எந்த லாப்டாப்பிலும் ட்ரைவ் இணைப்பாகச் சேமிக்க வேண்டாம். அதற்கு இரண்டடுக்கு உள்நுழைவும் போடுங்கள். செக்யூரிட்டி பகுதியில், பிழையான பாஸ்வேர்ட் பலமுறை வந்தால் அந்த முகவரியைத் தடுக்கும் ஓட்டோ புளொக் வசதி உண்டு. அதையும் இயக்கிவிடுங்கள்.

ஆளுக்கொரு சொந்த இடம் வேண்டுமென்றால் யூசர் ஹோம் சேவையை இயக்குங்கள். சினோலஜி ஃபோட்டோஸ் ஃபோனிலிருந்து எடுக்கும் படங்கள் அந்தந்த ஆளின் ஹோமுக்குள் போய் விழும். நிர்வாகி நினைத்தால் அந்த ஹோம்களையும் திறந்து பார்க்கலாம். இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, முக்கியமாகப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு.

எழுதலாம், அழிக்கக் கூடாது: முடியுமா?

எல்லாரும் கேட்பது இது. படம் ஏற்றலாம், ஆனால் ஏற்றியதை அழிக்க முடியாமல் இருக்க வேண்டும். சினோலஜியின் கோப்பு உலாவியான ஃபைல் ஸ்டேஷனில் ஃபோல்டரின் புரொப்பர்ட்டீஸுக்குள் பெர்மிஷன் பகுதியில் அனுமதிகளை உடைத்துக் கொடுக்கலாம். அங்கே அழிக்கும் உரிமைக்கு இரண்டு வரிகள் உண்டு: இந்தக் கோப்பையே அழிப்பது ஒன்று, உள்ளே இருக்கும் துணை ஃபோல்டர்களையும் கோப்புகளையும் அழிப்பது மற்றது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றதன் வழியாக அழிக்கலாம்.

படங்களுக்கு இது சரிவரும். வேர்ட், எக்ஸெல் கோப்புகள் இருக்கும் இடத்தில் இதைச் செய்ய வேண்டாம். அந்த மென்பொருட்கள் சேமிக்கும்போது புதிதாக ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, பழையதை அகற்றி, புதியதற்குப் பழைய பெயரை வைக்கின்றன. அழிக்கும் உரிமை இல்லையென்றால் சேமிப்பு இடையில் நின்றுவிடும், ஃபோல்டர் முழுக்க அரைகுறைத் தற்காலிகக் கோப்புகள் குவியும். கடைக் கணக்கு இப்படித்தான் குழம்பும்.

இன்னொன்று: அழிக்கும் உரிமை இல்லாவிட்டாலும் எழுதும் உரிமை இருந்தால் உள்ளடக்கத்தை மேலெழுதலாம். ரான்சம்வேருக்கு அது போதும். அதற்கு மருந்து அனுமதியில் இல்லை, ஸ்னாப்ஷொட்டில் இருக்கிறது, அதாவது ஒரு நேரத்தில் ஃபோல்டர் இருந்த நிலையின் பதிவில். உங்கள் வொல்யூம் (டிஸ்க்கில் ஒதுக்கிய சேமிப்புப் பகுதி) பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வகையாக இருந்தால் ஸ்னாப்ஷொட் ரெப்ளிகேஷனை நிறுவி, ஆவணம், கடை, படங்கள் மூன்றுக்கும் நாளுக்கு ஒரு தடவை எடுக்க விடுங்கள். டிஎஸ்எம் 7.2 இலிருந்து, குறித்த நாட்கள் முடியும்வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாத ஸ்னாப்ஷொட்டும் உண்டு. எல்லா மொடல்களிலும் பிடிஆர்எஃப்எஸ் கிடையாது. வாங்க முன்னம் கேட்டுப் பார்க்க வேண்டிய விடயம்.

ஆள் இல்லாத கணக்குகள்

பிரிண்டர் ஸ்கான் செய்து அனுப்ப ஒரு கணக்கு வேண்டும். அதற்கென்றே ஒன்று திறந்து, ஸ்கான் ஃபோல்டரில் மட்டும் எழுத விடுங்கள், வேறெங்கும் வேண்டாம். பிரிண்டரின் நினைவில் பாஸ்வேர்ட் கிடக்கும், பிரிண்டர் விற்கப்படும் அல்லது திருத்தக் கொடுக்கப்படும். பழைய பிரிண்டர்கள் எஸ்எம்பி என்ற விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறையின் முதற் பதிப்பு இருந்தால்தான் பேசும். அதற்காக முழுப் பெட்டியிலும் அந்தப் பதிப்பைத் திறக்காதீர்கள். 2017 மே மாதத்து வான்னக்ரை ரான்சம்வேர் பரவியது விண்டோஸில் அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஸ்கானை மின்னஞ்சலுக்கு அனுப்பச் செய்வது மேல்.

கமெராக்கள் சில என்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்புப் பகிர்வு முறை வழியாக எழுதும். இங்கே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கப்படுவதில்லை. ஐபி முகவரிதான் அடையாளம். ரவுட்டரில் கமெராவுக்கு நிலையான முகவரி ஒதுக்கி, என்எஃப்எஸ் விதியில் அந்த ஒரு முகவரியை மட்டும் எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் வலையமைப்பில் இருக்கும் எவரும் நுழையலாம். கமெரா ஃபோல்டருக்குக் கொள்ளளவு எல்லையும் வையுங்கள், இல்லையென்றால் வளவு வாசலின் வீடியோவே டிஸ்கை விழுங்கிவிடும்.

ரிவியோடு டிஎல்என்ஏ (வீட்டு வலையமைப்பில் படமும் வீடியோவும் காட்டும் முறை) வழியாகப் படம் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மீடியா சேர்வருக்குப் பயனர் என்ற கணக்கே இல்லை. எந்த ஃபோல்டரை அட்டவணைப்படுத்தக் கொடுத்தீர்களோ, அதை அதே வைஃபையில் இருக்கும் எவரும் கேட்டு வாங்கலாம். நீங்கள் போட்ட குழுவும் அனுமதியும் அங்கே செல்லாது. சாமத்தியவீட்டு வீடியோவைப் பக்கத்து அறைக்காரர் தன் ஃபோனில் பார்ப்பது இப்படித்தான் நடக்கிறது. திரைப்படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்து அதை மட்டும் கொடுங்கள்.

பக்கத்து அறைக்காரர் என்று சும்மா சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கங்களில் கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய. வைஃபை பாஸ்வேர்டும் வாடகையோடு போகும். ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை ஒன்றைத் திறந்து வாடகைக்கு இருப்பவர்களை அதில் விடுங்கள். கெஸ்ட்டில் இருப்பவர்கள் உள் வலையமைப்பை அணுக விடும் தெரிவு அணைந்திருக்க வேண்டும். பிறகு அந்த வைஃபையில் ஒரு ஃபோனை இணைத்து நாஸின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். பக்கம் திறந்தால் கெஸ்ட் என்பது பெயருக்குத்தான்.

ராஸ்ப்பெரி பையும் சம்பாவும்

பெட்டி வாங்காமல் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியொன்றும் யூஎஸ்பி டிஸ்க்கும் வைத்து, லினக்ஸில் கோப்புகளைப் பகிரும் சம்பா மென்பொருளால் செய்பவர்களுக்கு இது. முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோர்மட் செய்த டிஸ்க்கில் லினக்ஸ் அனுமதி என்ற ஒன்றே பதிவாகாது. என்டிஎஃப்எஸ் என்றாலும் வழக்கமான அமைப்பில் மவுண்ட் செய்யும்போது (டிஸ்க்கை லினக்ஸில் இணைக்கும்போது) கொடுக்கும் உரிமையாளரும் மாஸ்க்குமே (அனுமதி வரம்பு) முழு டிஸ்க்குக்கும் பொருந்தும். அனுமதியை மாற்றும் சிஎச்மொட் (chmod) கட்டளையை எத்தனை தரம் ஓட்டினாலும் மாறாது. தரவை வேறிடத்துக்கு மாற்றி எக்ஸ்ட் 4 ஆக ஃபோர்மட் செய்வதே வழி.

லினக்ஸில் கணக்கு இப்படி: வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கம், முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள். ஃபோல்டருக்கு இயக்க அனுமதி என்பது உள்ளே நுழையும் அனுமதி. அது இல்லாமல் வாசிக்கும் அனுமதி மட்டும் இருந்தால் பெயர்ப்பட்டியல் தெரியும், கோப்புத் திறக்காது. குழு ஃபோல்டருக்கு 2770 கொடுங்கள். முன்னாலுள்ள 2, உள்ளே புதிதாக வரும் எல்லாம் அந்த ஃபோல்டரின் குழுவுக்கே சொந்தமாக வேண்டும் என்கிறது. அது இல்லாவிட்டால் அண்ணன் போட்ட கோப்பு அண்ணனின் சொந்தக் குழுவில் நிற்கும், தங்கச்சியால் திருத்த முடியாது.

ஒரு கோப்பை அழிக்க முடியுமா என்பதை லினக்ஸ் கோப்பைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். கோப்புக்கு 400 வைத்துப் பூட்டிவிட்டோம் என்று இருந்தாலும், 770 ஃபோல்டருக்குள் இருந்தால் குழுவில் எவரும் அழிக்கலாம். அவரவர் போட்டதை அவரவர் மட்டும் அழிக்க வேண்டுமென்றால் 3770. அந்தக் கூடுதல் 1 ஸ்டிக்கி பிட்.

சிஎச்மொட்டை ஃபோல்டர் முழுக்க ஒரே இலக்கத்தோடு ஓட்டாதீர்கள். ஃபோல்டர்களுக்கு 2770, கோப்புகளுக்கு 660 என்று இரண்டாகப் பிரித்து ஓட்டுங்கள். இடையில் மின்சாரம் போனால் பாதி மாறி, பாதி மாறாமல் நிற்கும். திரும்ப ஒருமுறை ஓட்டினால் காணும். 777 கொடுத்தால் எல்லாம் வேலை செய்யும் என்று இணையத்தில் எங்கு தேடினாலும் வரும். வேலை செய்யும்தான், கதவைக் கழற்றி வைத்தால் திறப்புத் தேவையில்லைத்தானே.

சம்பாவின் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு ஷெயாருக்கும் இவை வேண்டும்: வேலிட் யூசர்ஸ் வரியில் அட் குறியோடு குழுவின் பெயர், ஃபோர்ஸ் குரூப் வரியில் அதே குழு, கிரியேட் மாஸ்க் 0660, டிரெக்டரி மாஸ்க் 2770. இந்த மாஸ்க் வரிகளை எழுதாவிட்டால் சம்பா தன் இயல்பான 0744, 0755 ஐப் பாவிக்கும்; அதில் குழுவுக்கு எழுதும் அனுமதி இல்லை. ஒருவர் போட்ட கோப்பை மற்றவர் திறக்கலாம், சேமிக்க முடியாது என்ற முறைப்பாட்டின் காரணம் பத்தில் ஒன்பது தடவை இதுதான். சிலருக்கு மட்டும் எழுத விடுவதற்கு ரீட் ஒன்லியை யெஸ் என்று வைத்து, ரைட் லிஸ்ட் வரியில் அவர்களின் குழுவை எழுதுங்கள். ஃபோல்டரின் லினக்ஸ் அனுமதியும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். சம்பாவும் லினக்ஸும் இரண்டும் சம்மதித்தால்தான் எழுதும்.

சம்பாவின் பாஸ்வேர்ட் லினக்ஸின் பாஸ்வேர்ட் அல்ல. லினக்ஸ் பயனரை உருவாக்கிய பின் எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி (smbpasswd) கட்டளையில் ஏ (-a) தெரிவோடு தனியாகச் சேர்க்க வேண்டும். கோப்பு மட்டும் பாவிப்பவருக்கு லினக்ஸ் ஷெல் (கட்டளைத் திரை) தேவையில்லை, அதற்குப் பதிலாக நோலொகின் (nologin) கொடுங்கள். அமைப்பு மாற்றியதும் டெஸ்ட்பார்ம் (testparm) கட்டளையால் பிழை பார்த்துவிட்டு சேவையை மறுபடி தொடக்குங்கள்.

பழைய பையிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் கொழுவும்போது உரிமையாளர் பெயருக்குப் பதிலாக 1001, 1002 என்று இலக்கம் தெரியும், அல்லது அம்மாவின் கோப்பெல்லாம் தம்பியுடையதாகத் தெரியும். டிஸ்க்கில் எழுதப்பட்டிருப்பது பெயரல்ல, இலக்கம். புதிய பையில் பயனர்களை அதே இலக்கங்களோடு உருவாக்கினால் எல்லாம் இடத்துக்கு வந்துவிடும்.

விண்டோஸ் செய்யும் குறும்புகள்

எல்லாம் சரியாக வைத்தும் லாப்டாப் நுழைய மறுத்தால் பெட்டியைத் தொட முன்னம் விண்டோஸைப் பாருங்கள். ஒரே சேர்வருடன் ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயரில் இணைய விண்டோஸ் விடாது; 1219 என்ற பிழை இலக்கம் வரும். அப்பாவின் கணக்கில் ஒரு ட்ரைவ் ஏற்கெனவே திறந்திருந்தால் மகளின் கணக்கு ஏறாது. கமாண்ட் புரொம்ப்ட்டில் நெட் யூஸ் கட்டளையை டிலீட் தெரிவோடு ஓட்டிப் பழைய இணைப்புகளை வெட்டுங்கள். கிரெடென்ஷியல் மனேஜருக்குள் சேமித்த பழைய பெயரையும் அகற்றிவிட்டு மறுபடி இணையுங்கள். இன்னும் நல்லது, பொது லாப்டாப்பில் ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு.

மைக்ரோசொஃப்ட் மின்னஞ்சலால் விண்டோஸில் நுழைபவர்களுக்கு, விண்டோஸ் அந்த மின்னஞ்சலையே நாஸுக்கும் பயனர் பெயராக நீட்டும். ட்ரைவ் இணைக்கும்போது வேறு அடையாளத்தோடு இணை என்ற பெட்டியில் சரியிட்டு நாஸ் பயனர் பெயரைத் தட்டுங்கள். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவு இயல்பாக மூடியிருக்கிறது. அப்டேட் வந்த பிறகு பொது ஃபோல்டர் காணாமல் போனால் காரணம் அதுவாக இருக்கலாம். கெஸ்டைத் திறக்காமல் ஒரு கணக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்த உடனே அவருக்கு ஃபோல்டர் திறக்காது. பழைய இணைப்பு பழைய குழுக்களோடே ஓடிக்கொண்டிருக்கும். லொக் அவுட் ஆகித் திரும்ப வர வேண்டும்.

கோப்பை இடம் மாற்றும்போதும் ஒன்று நடக்கும். ஒரே ஷெயாருக்குள் வெட்டி ஒட்டினால் கோப்பு தன் பழைய அனுமதியைச் சுமந்துகொண்டு போகும். பிரதி எடுத்தால் புதிய ஃபோல்டரின் அனுமதியை எடுக்கும். ஒரு ஃபோல்டரில் எல்லாம் திறந்து ஒன்று மட்டும் திறக்காவிட்டால் அது வெட்டி ஒட்டப்பட்டதா என்று கேளுங்கள். சினோலஜியில் மேல் ஃபோல்டரின் பெர்மிஷன் பகுதியில், இந்த ஃபோல்டருக்கும் உள்ளே உள்ளவற்றுக்கும் பொருத்து என்ற பெட்டியில் சரியிட்டுச் சேமித்தால் தீரும். அங்கேயே உள்ள பெர்மிஷன் இன்ஸ்பெக்டரில் ஆளின் பெயரைக் கொடுத்தால் முடிவில் அவருக்கு என்ன உரிமை என்பதையும் காட்டும்.

கனடாவுக்கும் லண்டனுக்கும்

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அல்பம் அனுப்பக் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. ஃபைல் ஸ்டேஷனிலிருந்து பகிர்வு இணைப்பு எடுத்து, பாஸ்வேர்டும் முடிவுத் திகதியும் போடுங்கள். இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போட்டால் பாஸ்வேர்டை அதே குழுவில் போடாதீர்கள். முடிவுத் திகதி இல்லாத இணைப்பு வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

ரவுட்டரில் கோப்புப் பகிர்வுக்கான 445 ஆம் போர்ட்டையோ நிர்வாகப் பக்கத்தின் போர்ட்டையோ வெளியே திறக்கவே வேண்டாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர் தாக்கியது இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளை. ஊரில் இல்லாதபோது உள்ளே போக வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் போன்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) போடுங்கள். 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பொது ஐபி முகவரி பெரும்பாலும் கிடைக்காது. டெயில்ஸ்கேல் அதையும் தாண்டி வேலை செய்யும்.

எல்லாம் வைத்த பிறகு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி ஒவ்வொரு கணக்காலும் நுழைந்து பாருங்கள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் நான்கு வேலை: ஒரு கோப்பைத் திற, புதிதாக ஒன்று போடு, மற்றவர் போட்டதைத் திருத்து, மற்றவர் போட்டதை அழி. முதலில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். பக்கப் ஃபோல்டரில் எந்தச் சாதாரணக் கணக்காலாவது அழிக்க முடிந்தால் அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.

வீட்டை விட்டு ஒருவர் போனால், கடையில் வேலைக்கு நின்றவர் விலகினால், கணக்கை நீக்காமல் முடக்குங்கள். நீக்கினால் அவருடைய ஹோம் ஃபோல்டரும் சேர்ந்து போகலாம். உள்ளே உள்ளதைப் பார்த்து எடுத்த பிறகு நீக்கலாம். நிர்வாகிப் பாஸ்வேர்டையும் இரண்டடுக்கு உள்நுழைவின் மீட்புக்கு வேண்டியவற்றையும் கடதாசியில் எழுதி, கவரில் ஒட்டி, மூல உறுதிகள் இருக்கும் அலுமாரியில் வையுங்கள். நிர்வாகம் ஒருவர் கையில் மட்டும் இருந்து, அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், நொத்தாரிஸ் கேட்கும் உறுதியின் ஸ்கானை அன்றைக்கு எடுக்க இன்னொருவருக்கு வழி இருக்க வேண்டும்.